வருத்தம் என்ன என்று தெரியாத குளிர்காலம்

லியோனிட் ரோகோசோவின் படம் இந்தக் கிழமை மறுபடியும் ஃபேஸ்புக்கில் சுற்றுகிறது. முகமூடி கட்டிய இளம் டொக்டர் ஒருவர் பாதி சாய்ந்து படுத்திருக்கிறார், வயிறு திறந்திருக்கிறது, அதற்குள் கையை விட்டு ஒப்பரேஷன் செய்துகொண்டிருப்பவரும் அவரேதான். 1961இல் அண்டார்டிக்காவில் எடுத்த படம். என்ன துணிச்சல் என்று ஆட்கள் எழுதுகிறார்கள். துணிச்சல்தான், அதில் பேச்சே இல்லை. ஆனால் கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் நாள் முழுக்க மற்றவர்களுடைய இரத்தத்தோடு இருக்கிற எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் வருகிற கேள்வி வேறு. கத்தியை எடுப்பதற்கு முதல் நாளும் அன்றும் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? இது அப்பெண்டிசைட்டிஸ், குடல்வளரி அழற்சிதான், இனிப் பொறுத்தால் வெடித்துவிடும் என்று எதை வைத்து முடிவெடுத்தார்?

அவர் வேலை செய்த நோவோலசரேவ்ஸ்கயா அந்த வருடத் தொடக்கத்தில்தான் திறந்த சோவியத் நிலையம். (பிறகு 1989இல் இந்தியா கட்டிய மைத்ரி நிலையமும் அதே ஷிர்மாக்கர் பாறைப் பகுதியில், சில கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது.) ரோகோசோவுக்கு 27 வயது. அங்கிருந்த ஒரே டொக்டர். ஏப்ரல் 29 அன்று களைப்பு, குமட்டல், பிறகு மேல் வயிற்றில் வலி, சில மணித்தியாலத்தில் அந்த வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கியது, காய்ச்சல் 37.5. பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கிற அதே வரிசை. அவரும் சத்திரசிகிச்சை படித்தவர், தன் உடம்பில் அந்த வரிசை நடப்பதைப் பார்த்து விளங்கிக்கொண்டார். அன்டிபயோட்டிக் எடுத்தார், வயிற்றில் குளிர் வைத்தார், சரிவரவில்லை. அடுத்த நாள் பின்னேரம் வாந்தி கூடியது, காய்ச்சல் ஏறியது. கிட்டத்தில் இருந்த மற்ற சோவியத் நிலையம் மிர்னி, 1,600 கிலோமீட்டருக்கு அப்பால். வெளியே பனிப்புயல், எந்த விமானமும் வராது.

எங்கள் ஆஸ்பத்திரியில் இதே முறைப்பாட்டோடு ஒரு பிள்ளை வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எஃப்பிசி (இரத்தக் கலங்களின் எண்ணிக்கை), சிஆர்பி (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுவது) எங்களிடம் வரும். சிறுநீர் வரும், ஏனென்றால் சிறுநீர்க் குழாயில் கல்லோ கிருமியோ இருந்தாலும் வலி அங்கேதான். பெண் பிள்ளை என்றால் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம். ஸ்கேன் செய்வார்கள், சேர்ஜன் வந்து வயிற்றை அமுக்கி விட்டுப் பார்ப்பார். இத்தனைக்குப் பிறகும் சிலசமயம் வெட்டித் திறந்தால் குடல்வளரி நன்றாகத்தான் இருக்கும். இவ்வளவும் கையில் இருக்கிற இடத்திலேயே தடுமாற்றம் வருகிறது. ரோகோசோவிடம் இருந்தது விரலும் தேர்மோமீட்டரும், வலி நகர்ந்த கதையும்தான்.

சரி, அந்த இரவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். உதவிக்கு நின்றவர்களில் ஆர்தெமியேவ் வானிலை பார்க்கிறவர், சத்திரசிகிச்சை ஆயுதங்களை எடுத்துக் கொடுத்தார். தெப்லின்ஸ்கி மெக்கானிக், கண்ணாடியையும் விளக்கையும் பிடித்தார். நிலையத் தலைவர் கெர்போவிச், இந்த இருவரில் ஒருவர் மயங்கி விழுந்தால் மாற்றாக நிற்க வந்தவர். தான் நினைவு தப்பினால் எந்த ஊசியைப் போட வேண்டும், எப்படிச் செயற்கைச் சுவாசம் கொடுக்க வேண்டும் என்று ரோகோசோவ் முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். நோவோகெயின் ஊசியால் வயிற்றுச் சுவரை மட்டும் மரக்கச் செய்து, பத்துப் பன்னிரண்டு சென்ரிமீட்டர் நீளத்துக்கு வெட்டினார். கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரிந்ததால் அதை நம்பாமல் கையுறை இல்லாமல் தொட்டுத் தொட்டு வேலை செய்தார். இடையில் பெருங்குடலின் தொடக்கப் பகுதியில் காயம் பட்டுவிட்டது, அதையும் தைத்தார். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு தலை சுற்றத் தொடங்க, நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இருபது, இருபத்தைந்து விநாடி நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். வெளியே எடுத்த குடல்வளரியின் அடியில் ஒரு கரும்புள்ளி. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் வெடித்திருக்கும் என்பது அவருடைய கணிப்பு. ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணித்தியாலம். முடிந்த பிறகு, ஆயுதங்களை எப்படிக் கழுவி வைப்பது, அறையை எப்படிச் சுத்தமாக்குவது என்று உதவியாளர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் நித்திரைக் குளிசை போட்டிருக்கிறார். எனக்கு அந்த மனிதர் மேல் மிகப் பெரிய மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். இரண்டு கிழமையில் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

குடல்வளரி விஷயத்தில் துருவப் பயணக்காரர்கள் அதற்கு முன்பே சூடு கண்டவர்கள். 1950இல் ஹேர்ட் தீவில் இருந்த ஆஸ்திரேலிய நிலையத்தின் டொக்டருக்கே அப்பெண்டிசைட்டிஸ் வந்து, அவரை ஏற்றிவர ஒரு போர்க்கப்பலை அனுப்ப வேண்டியதாயிற்று. குளிர்காலம் முழுக்கத் தங்கப் போகிற ஆஸ்திரேலிய டொக்டர்கள் போவதற்கு முன்பே நல்ல குடல்வளரியையும் எடுத்துவிட வேண்டும் என்ற விதி அப்படித்தான் வந்தது. சிலியின் வில்லா லாஸ் எஸ்ட்ரெல்லாஸ் குடியிருப்பில் நீண்டகாலம் தங்கப் போன குடும்பங்களில் சின்னப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான் இருந்தது. அங்கே கண்டுபிடிக்க முடியாமல் போகக்கூடிய ஒரு வருத்தத்தை இங்கேயே இல்லாமலாக்கிவிட்டுப் போகிறார்கள். எல்லா வருத்தத்துக்கும் அப்படிச் செய்ய வழியில்லை.

அமெரிக்காவின் அமுண்ட்சென்-ஸ்கொட் நிலையம் சரியாகத் தென் துருவத்திலேயே இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,835 மீட்டர். பெப்ரவரி நடுப்பகுதியில் கடைசி விமானம் போனால் வழமையாக ஒக்டோபர் கடைசி வரை ஒன்றும் வராது. மைனஸ் 50 பாகைக்குக் கீழே போய்விட்டால் வழமையாக அங்கே வந்துபோகும் பெரிய விமானத்தை இறக்குவதும் திரும்ப எழுப்புவதும் ஆபத்து, அங்கே குளிர்காலத்தில் பெரும்பாலும் அதற்குக் கீழேதான். 1999 குளிர்காலத்தில் அந்த நிலையத்தின் டொக்டர் ஜெரி நீல்சனுக்கு மார்பில் கட்டி ஒன்று தட்டுப்பட்டது. இந்தக் கதையைப் பெரும்பாலும் விமானம் இருட்டில் மருந்துப் பொதி போட்ட கதையாகத்தான் சொல்வார்கள். எனக்கு இது சிலைட் கதை.

கட்டிக்குள் ஊசி விட்டுச் சில கலங்களை உறிஞ்சி எடுக்க வேண்டும். உதவிக்கு வந்தவர்கள் மருத்துவம் தெரியாத தொழிலாளர்கள், காய்கறியிலும் பச்சைக் கோழி இறைச்சியிலும் ஊசி குத்திப் பழகினார்கள். அது முதல் பாதி. எங்களுக்குத் தெரிந்த கஷ்டம் இரண்டாம் பாதியில் இருக்கிறது. உறிஞ்சியதைக் கண்ணாடிச் சிலைட்டில் ஒரு சொட்டு வைத்து, இன்னொரு சிலைட்டால் மெல்லிதாக இழுக்க வேண்டும். தடித்தால் கலங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி எதுவும் தெரியாது, அழுத்தினால் நசுங்கிவிடும். காய்வதற்குள் பதப்படுத்த வேண்டும். பிறகு சாயம். சாயம் பழசானால் கலத்தின் கருவுக்கும் சுற்றியுள்ள பகுதிக்கும் நிறம் பிரியாது, முழுவதும் ஒரே மங்கல் ஊதாவாக நிற்கும். புற்றுநோய்க் கலமா இல்லையா என்று சொல்வதற்குப் பார்ப்பதே கருவின் அளவையும் ஓரத்தையும் உள்ளே இருக்கிற திட்டுக்களையும்தான். அது தெரியாவிட்டால் உலகத்தின் எந்தப் பெரிய நோயியல் நிபுணர் பார்த்தாலும் சொல்ல ஒன்றுமில்லை. நீல்சன் செய்மதி வழியாக அனுப்பிய முதல் படங்களுக்கு அதுதான் நடந்தது. நிலையத்தில் இருந்த பொருட்கள் பழசு, முடிவு சொல்ல முடியவில்லை. ஜூலையில் அமெரிக்க விமானப்படை போட்ட பொதிகளில் புற்றுநோய் மருந்தோடு புதிய பரிசோதனைப் பொருட்களும் இருந்தன, அவற்றை வைத்து எடுத்த படங்களில்தான் புற்றுநோய் என்று உறுதியானது. கூட இருந்தவர்கள் மருந்தேற்ற உதவ, ஒக்டோபர் நடுப்பகுதியில் விமானம் வந்து அவரை ஏற்றும் வரை அங்கேயே சிகிச்சை நடந்தது. பிறகு பத்து வருடம் வாழ்ந்தார், நோய் திரும்பி வந்து 2009இல் இறந்தார்.

எங்கள் லேபுக்கு இரவில் ஹட்டன், வவுனியா, மட்டக்களப்புப் பக்கத்திலிருந்தெல்லாம் மாதிரிகள் பெட்டியில் வரும். வழியில் பிந்தினால் இரத்தக் கலங்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாகக் கூடிக் காட்டும், குளுக்கோஸ் பொய்யாகக் குறைந்து காட்டும், அதனால் சிலவற்றைத் திருப்பி அனுப்பி இன்னொருமுறை எடுக்கச் சொல்வோம். அங்கே இரத்தம் எடுக்கிறவர்கள் முகம் சுளித்தாலும் அடுத்த நாள் புது மாதிரி வந்துவிடும். துருவத்தில் மாதிரியைப் பெட்டியில் போட்டு அனுப்ப வழியே இல்லை. படம் மட்டும்தான் பயணம் செய்யும். ஆகவே அங்கே சாயம் பிடிக்கிறவருடைய கை எவ்வளவு நல்லதோ அவ்வளவுதான் இங்கே இருக்கிற நிபுணரின் கண்ணும்.

அதற்கு அடுத்த குளிர்காலத்தில், அதே நிலையத்தில் நடந்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரோட்னி மார்க்ஸ், 32 வயது ஆஸ்திரேலிய வானியலாளர். 2000 மே 11 அன்று தொலைநோக்கிக் கட்டடத்திலிருந்து நடந்து வரும்போது உடம்பு சரியில்லாமல் போனது. வயிற்று வலி, குமட்டல், கண்ணிலும் உபாதை, வேகவேகமான மூச்சு, பதற்றம். டொக்டரிடம் மூன்றுமுறை போனார். மே 12 அன்று இறந்துவிட்டார். உடலைக் கிட்டத்தட்ட ஆறு மாதம் அங்கேயே வைத்திருந்து, விமானம் வந்த பிறகு நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சுக்குக் கொண்டுபோய்ப் பிரேத பரிசோதனை செய்தபோதுதான் காரணம் தெரிந்தது. மெதனோல். அது அவர் உடம்புக்குள் எப்படிப் போனது என்பதை நியூசிலாந்தில் நடந்த மரண விசாரணையாலும் முடிவாகச் சொல்ல முடியவில்லை.

மெதனோல் உடம்புக்குள் ஃபோர்மிக் அமிலமாக மாறும். இரத்தத்தில் அமிலம் ஏற ஏற, அதை ஈடுகட்ட நுரையீரல் மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது பயத்தில் மூச்சு வாங்குகிற ஆளைப் போலவே தெரியும். கலப்படச் சாராயம் குடித்துவிட்டு வருகிறவர்களையும் எங்கள் நாட்டில் அப்படித்தான் முதலில் வெறும் வெறி என்று நினைக்கிறார்கள். இரண்டையும் பிரிப்பது இரத்தம்தான்: அமிலத்தை ஈடுகட்டுகிற பைகாபனேட் அதலபாதாளத்தில் இருக்கும், அயன்களைக் கூட்டிக் கழித்தால் பெரிய இடைவெளி விழும். அந்த இடைவெளியைப் பார்த்த நிமிடமே டொக்டரின் மனதில் மெதனோல் என்ற சந்தேகம் எழும். சந்தேகம் எழுந்துவிட்டால் சிகிச்சை இருக்கிறது, சாதாரண எதனோலைக் கொடுத்தாலே மெதனோல் அமிலமாக மாறுவதைத் தடுக்கலாம்.

நிலையத்தில் இரத்தம் பரிசோதிக்கும் இயந்திரம் இருந்தது. ஆனால் அதன் பற்றரி செத்துப்போய், நிறுத்தியவுடன் அளவுத்திருத்தம் (சரியான எண்ணைக் காட்ட இயந்திரத்தைச் சரிசெய்து வைப்பது) அழிந்துவிடும் நிலையில் இருந்தது. திரும்பத் தயார்ப்படுத்தப் பல மணித்தியாலம் வேண்டும். அன்றைக்கு அதைப் பாவிக்கவில்லை. பாவித்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு பற்றரி. என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

லேபில் வேலை செய்யாதவர்களுக்கு இது விளங்குவது கஷ்டம், ஆகவே கொஞ்சம் விளக்குகிறேன். அனலைசரில், அதாவது இரத்தம் பரிசோதிக்கும் இயந்திரத்தில், ஸ்விட்சைப் போட்டவுடன் இரத்தத்தை வைத்து எண் எடுக்க முடியாது. காலையில் முதல் வேலை கன்ட்ரோல் ஓட்டுவது: முன்பே அளவு தெரிந்த திரவத்தை வைத்து, இயந்திரம் அந்த அளவைச் சொல்கிறதா என்று பார்ப்பது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சரியான நேரம் வெளியே வைத்து, குலுக்காமல் மெல்ல உருட்டிக் கலந்து, குமிழி இல்லாமல் ஊற்றி வைக்க வேண்டும். வரும் எண்ணை வரைபடத்தில் ஒரு புள்ளியாகப் போட வேண்டும். புள்ளி நடுக்கோட்டிலிருந்து விலகிப் போனால், அல்லது தொடர்ந்து ஒரே பக்கத்தில் சாய்ந்துகொண்டே வந்தால், நோயாளியின் மாதிரியை உள்ளே விடக்கூடாது. திரும்ப அளவுத்திருத்தம் செய்து, திரும்பக் கன்ட்ரோல். இதை யாருமே பார்ப்பதில்லை, யாரும் படமெடுத்துப் போடுவதுமில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் மணிக்கணக்கில் கரண்ட் போன நாட்களில், ஜெனரேட்டர் ஏறும் அந்த இடைவெளியில் யூபிஎஸ் தாங்காவிட்டால் முழுவதையும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும் என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. டொலர் இல்லை, ரீஏஜென்ட் (பரிசோதனை இரசாயனம்) வரவில்லை, எந்தப் பரிசோதனையைச் செய்வது, எதை விடுவது என்று வாட்டுக்காரர்களோடு நாள்தோறும் கதைத்தோம். வருடத்துக்கு ஒரு கப்பல் வருகிற நிலையத்தில் அந்தக் கணக்கு எல்லா வருடமும் இருக்கும் என்பது எனக்கு அந்த மாதங்களில்தான் வடிவாக உறைத்தது.

மூச்சைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. துருவத்தின் பழைய எதிரி குளிர் என்று நினைக்கிறோம், அதே அளவுக்கு அடுப்புப் புகையும்தான். 1934இல் அமெரிக்க அட்மிரல் ரிச்சர்ட் பேர்ட், தலைமை முகாமிலிருந்து 200 கிலோமீட்டர் தள்ளிப் பனிக்குள் புதைத்த குடிசையில் தனியாகக் குளிர்காலத்தைக் கழிக்கப் போனார். அடுப்பிலிருந்தும் ஜெனரேட்டரிலிருந்தும் வந்த காபன் மொனொக்சைட் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுத்தியது. தனக்குச் சுகமில்லை என்று அவர் வானொலியில் சொல்லவில்லை, மற்றவர்கள் இருட்டில் தேடி வந்து ஆபத்தில் மாட்டக்கூடாது என்று மறைத்தார். ஆனால் அவர் அனுப்பிய மோர்ஸ் செய்திகள் வர வரக் குழம்பின. தலைமை முகாமில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் குழப்பமே போதுமாக இருந்தது, ஆள் சரியில்லை என்று முடிவெடுத்து, முதல் முயற்சிகள் சரிவராமல் ஓகஸ்டில் மூன்று பேர் போய்ச் சேர்ந்தார்கள். தூரத்திலிருந்து செய்த நோயறிதலில் இதைவிட நல்லதை நான் வாசித்ததில்லை. 1990 ஜனவரியில் இந்தியக் குழுவைச் சேர்ந்த நான்கு பேர் கூடாரத்தில் இதே வாயுவால் இறந்தார்கள். அவர்களுக்கு அப்படிக் கேட்டுக்கொண்டிருக்க ஆள் வாய்க்கவில்லை.

காபன் மொனொக்சைட் பரிசோதனைக்காரரை ஏமாற்றுகிற நஞ்சு. விரலில் மாட்டுகிற சாதாரண ஒக்சிமீட்டர் அதை ஒட்சிசன் என்றே எண்ணி, 98 வீதம், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று காட்டும். அதைத் தனியாகப் பிரித்துக் காட்ட வேறு இயந்திரம் வேண்டும்.

தென் துருவத்தில் அந்த ஒக்சிமீட்டரே வேறு விதத்திலும் குழப்பும். அவ்வளவு உயரத்தில், சுகமாக நடமாடுகிற ஆளுக்கே 90 வீதத்துக்குக் கீழே காட்டலாம். கொழும்பில் அந்த எண்ணோடு ஒருவர் வந்தால் ஓடிப்போய் ஒட்சிசன் மாட்டுவார்கள். ஹீமோகுளோபின் அங்கே ஏறும். மாதக்கணக்கில் சூரியன் இல்லாததால் விட்டமின் டி இறங்கும். தைரொயிட் அளவுகளும் நகரும், நித்திரை குழம்பும், மறதி வரும், மனம் சோரும். ஒருவர் வந்து எனக்கு எந்த நேரமும் களைப்பாக இருக்கிறது டொக்டர் என்றால், அது இரத்தச் சோகையா, தைரொயிட்டா, மனச்சோர்வா, இல்லை அந்த இடத்தில் எல்லோருக்கும் இருப்பதுதானா? ரிப்போர்ட்டின் வலப்பக்கத்தில் நாங்கள் அச்சடிக்கிற சாதாரண அளவு என்ற நிரல், சமதரையில் வெயிலில் வாழ்கிற ஆட்களை வைத்து எடுத்தது.

மூளை விஷயத்தில் நிலைமை இன்னும் கடுமை. 2011 ஓகஸ்டில் அதே நிலையத்தின் மேலாளருக்குப் பக்கவாதம் வந்தது. பக்கவாதத்தில் முதல் கேள்வி, இரத்தக் குழாய் அடைத்ததா, வெடித்ததா என்பது. அடைத்திருந்தால் கட்டியைக் கரைக்கும் மருந்து காப்பாற்றலாம், வெடித்திருந்தால் அதே மருந்து கொல்லும். சிடி ஸ்கேன் இல்லாமல் இதைப் பிரிக்க முடியாது, அங்கே சிடி இல்லை. விமானம் அனுப்புவது அவருக்கும் விமானிகளுக்கும் ஆபத்து என்று ஒரு பக்கம் சொல்ல, உடனே அனுப்புங்கள் என்று அவர் தரப்பு போராட, ஒக்டோபர் நடுப்பகுதியில்தான் அவர் வெளியே வந்தார். நான் இதில் அவர் பக்கம்தான். என்றாலும் அன்றைக்கு அந்த டொக்டரின் இடத்தில் நின்று யோசித்தால் தொண்டை வரள்கிறது.

ஏனென்றால் அங்கிருந்து ஆளை எடுப்பது என்பது, நெடுந்தீவில் இருந்து ஒரு நோயாளியைக் கடல் கொந்தளிக்கிற நாளில் குறிகட்டுவானுக்குக் கொண்டு வருவதைப் பார்த்தவர்களுக்கு ஓரளவு விளங்கும், ஆனால் அதைப் பல நூறு மடங்கு பெருக்க வேண்டும். 2001 ஏப்ரலில் தென் துருவ டொக்டர் ரோனால்ட் ஷெமென்ஸ்கிக்குப் பித்தக்கல் இறங்கிக் கணையம் அழன்றபோது, கனடாவிலிருந்து ஒரு சின்ன ட்வின் ஒட்டர் விமானம் தென்னமெரிக்கா வழியாகப் பிரிட்டிஷ் நிலையமான ரொதேராவுக்கு வந்து, அங்கே காலநிலை பார்த்துக் காத்திருந்து, இருட்டில் போய் இறங்கி, மாற்று டொக்டரை விட்டுவிட்டு அவரை ஏற்றி வந்தது. அதே வகை விமானம் 2016 ஜூனில், நடுக் குளிர்காலத்தில், இரண்டு பேரை எடுத்தது. 2023 ஓகஸ்ட்-செப்டெம்பரில் ஆஸ்திரேலியாவின் கேசி நிலையத்துக்கு நுயினா என்ற பனியுடைப்புக் கப்பல் 3,000 கிலோமீட்டருக்கு மேல் போய், கடைசித் தூரத்துக்கு ஹெலிகொப்டரை அனுப்பி ஒருவரை ஹோபார்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து சேர்த்தது. இவ்வளவு செலவும் ஆபத்தும் வேண்டுமா வேண்டாமா என்ற முடிவு கடைசியில் ஒரு ரிப்போர்ட்டில்தான் போய் நிற்கும். கணைய நொதி எவ்வளவு, வெண்குருதிக் கலம் எவ்வளவு, நேற்றையைவிடக் கூடவா குறைவா.

இரத்தம் தேவைப்பட்டால்? எங்களுக்கு நாரஹேன்பிட்டி இரத்த வங்கி இருக்கிறது, வாகனம் அனுப்பினால் வரும். அங்கே பல நிலையங்களில் இரத்தப் பை என்று எதுவும் சேமிப்பில் இல்லை, கூட இருக்கிற ஆட்களே வங்கி. போகும் முன்பே எல்லோருடைய இரத்த வகையும் கிருமிப் பரிசோதனையும் பார்த்துப் பட்டியல் வைத்திருப்பார்கள். தேவைப்படும் இரவில் தச்சரை எழுப்பி அவர் கையில் ஊசி குத்தி, இரண்டு பேருடைய இரத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஏற்ற வேண்டும். யார் பார்ப்பது? அதே டொக்டர்தான். நோயாளியின் தலைமாட்டில் நிற்க வேண்டியவரும் அவர், எக்ஸ்ரே எடுக்க வேண்டியவரும் அவர், பல் பிடுங்குகிறவரும் அவர்.

ஆஸ்திரேலியர்கள் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். குளிர்காலக் குழுவில் இருக்கிற சமையல்காரர், குழாய் வேலைக்காரர், மின்னியலாளர் என்று சிலரைத் தெரிந்தெடுத்து, புறப்படும் முன் ஹோபார்ட் ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை பழக்குகிறார்கள். கிருமி நீக்கி ஆயுதம் அடுக்கவும், மயக்க மருந்து கொடுக்கும்போது உதவி நிற்கவும் அவர்களுக்குத் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. எங்கள் லேபில் இருக்கிற தம்பி ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப எங்களைப் போல ஆக்களையும் எடுப்பினமோ அக்கா?" என்று ஆசையாகக் கேட்டார். பன்னிரண்டு, பதினைந்து பேர் தங்குகிற நிலையத்துக்கு லேப்காரர் என்று தனியாக ஒருவரை அனுப்ப மாட்டார்கள், அது நியாயம்தான்.

ஆனால் ஒப்பரேஷன் தியேட்டருக்கு ஒரு சமையல்காரரைப் பழக்க முடியுமென்றால், அதேபோல இன்னொருவரை எங்களைப் போன்ற ஒரு லேபில் ஒரு மாதம் நிற்க வைக்கலாம். அவர் நோய் எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. கிழமையில் சில நாள் காலையில் எழுந்து கன்ட்ரோல் ஓட்டி, புள்ளி போட்டு, பற்றரி, சாயம், ரீஏஜென்ட் இவற்றின் காலாவதித் திகதியைப் பார்த்து, ஒரு சிலைட்டில் தன் விரல் இரத்தத்தையே இழுத்துச் சாயம் பிடித்துப் படமெடுத்து வெளியே இருக்கிற நிபுணருக்கு அனுப்பி, இது தெளிவாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். யாருக்கும் வருத்தமில்லாத கிழமைகளிலும் கேட்க வேண்டும். ஒரு மாதம் போதும், விருப்பமுள்ள ஆள் என்றால் அதற்கும் குறைவு. அப்படி ஒருவரை அனுப்புவதாக இருந்தால் பழக்கிவிட நான் தயார், என்னோடு வேலை செய்கிறவர்களும் தயார்.